வில்லியம் விதரிங்

வில்லியம் விதரிங் (மார்ச் 17, 1741 - அக்டோபர் 6, 1799) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். வேதியியலிலும் கனிமவியலிலும் இவர் ஆய்வுகள் செய்துள்ளார். டிஜிட்டாலிஸ் எனப்படும் செடியின் இலையை, உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு மருந்தாகப் பத்தாண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தினார். அதன் அளவு, தயாரிப்பு முறை, நச்சு அறிகுறிகள் ஆகியவற்றை ஆராய்ந்து 1785-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். இந்நோயின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று இதயச் செயலிழப்பு என்பது பின்னாளில் தெளிவானது. எனவே இதயச் செயலிழப்புக்கு முறையாக ஆராயப்பட்ட முதல் மருந்தை உலகுக்கு அளித்தவராக இவர் கருதப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

விதரிங் இங்கிலாந்தின் சுரொப்சையர் மாவட்டத்திலுள்ள வெலிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை எட்மண்ட் விதரிங் அவ்வூரில் மருந்தாளராகவும் மருத்துவராகவும் தொழில் செய்தவர். தாயார் சாரா ஹெக்டர். தாயின் குடும்பத்திலும் மருத்துவர்கள் இருந்தனர். தந்தையிடம் தொழில் பழகிய பின்னர், 1762-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அக்காலத்தில் ஐரோப்பாவின் சிறந்த மருத்துவப் பள்ளிகளுள் ஒன்றாக எடின்பரோ விளங்கியது. கோல்ஃப் விளையாட்டையும் ஸ்காட்லாந்தின் பைக்குழல் இசையையும் அங்கே அவர் கற்றுக்கொண்டார். தொண்டை அழுகல் நோயைப் பற்றிய ஆய்வேட்டிற்காக 1766-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பிற்காலத்தில் நாட்டின் முன்னணித் தாவரவியலாளராகப் பெயர் பெற்ற விதரிங்குக்கு மாணவப் பருவத்தில் தாவரவியல் சிறிதும் பிடிக்கவில்லை. பேராசிரியர் ஜான் ஹோப் சிறந்த தாவரத் தொகுப்புக்குத் தங்கப் பதக்கம் அறிவித்திருந்தார். அப்பதக்கம்கூடத் தமது வெறுப்பைப் போக்காது என்னும் பொருள்பட விதரிங் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார்.

ஸ்டாஃபோர்டில்

1767-இல் ஸ்டாஃபோர்ட் நகரில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். சிறிய நகரமாதலால் வருமானம் குறைவாகவும் ஓய்வு மிகுதியாகவும் இருந்தது. இங்கு இவரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் எலனா குக்ஸ் என்னும் இளம்பெண்ணும் ஒருவர். அவர் மலர்களை ஓவியமாகத் தீட்டுபவர். அவருக்கு வரைய மலர்களைத் தேடிக் கொணர்வதற்காக விதரிங் வயல்களிலும் ஓடைக்கரைகளிலும் அலையத் தொடங்கினார். பேராசிரியரின் தங்கப் பதக்கத்தால் இயலாதது இதனால் நிகழ்ந்தது. 1772-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். இவர்களுக்குப் பிறந்த முதல் பெண் குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. வில்லியம் என்னும் மகனும் ஷார்லட் என்னும் மகளும் வளர்ந்து பெரியவர்களாயினர்.

பர்மிங்காமும் நிலாக் கழகமும்

1775 பிப்ரவரியில் பர்மிங்காம் நகரில் புகழ்பெற்ற மருத்துவராக இருந்த வில்லியம் ஸ்மால் காலமானார். அவ்விடத்துக்கு வருமாறு விதரிங்குக்குக் கடிதம் எழுதியவர் லிச்ஃபீல்டு நகர மருத்துவரும் கவிஞருமான எராஸ்மஸ் டார்வின் ஆவார். இவர் உயிரினங்களின் தோற்றம் பற்றிய கொள்கையால் புகழ்பெற்ற சார்லஸ் டார்வினின் பாட்டனார். அழைப்பை ஏற்று அதே ஆண்டில் விதரிங் பர்மிங்காமில் குடியேறினார். தொழிற்புரட்சியின் நடுவில் விரைந்து வளர்ந்துகொண்டிருந்த அந்நகரில் அவரது தொழிலும் விரைவில் வளர்ந்தது. இலண்டனுக்கு வெளியே மிகுந்த வருமானம் பெற்ற மருத்துவர்களுள் ஒருவராக அவர் உயர்ந்தார். 1779-இல் பர்மிங்காம் பொது மருத்துவமனை திறக்கப்பட்டபோது அதன் மருத்துவர்களுள் ஒருவரானார்.

பர்மிங்காமில் அறிவியல் ஆர்வலர்கள் கூடிப் பேசும் நிலாக் கழகம் என்னும் அமைப்பு இருந்தது. இரவில் வீடு திரும்ப வெளிச்சம் வேண்டும் என்பதற்காக முழுநிலவு நாளை ஒட்டிக் கூடியதால் இப்பெயர் பெற்றது. நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட், தொழிலதிபர் மாத்யூ போல்டன், ஆக்சிஜன் ஆய்வால் அறியப்படும் ஜோசப் பிரீஸ்ட்லி, மட்பாண்டத் தொழிலில் புகழ்பெற்ற ஜோசையா வெட்ஜ்வுட் ஆகியோர் இதன் உறுப்பினர்கள். ஸ்மாலின் இடத்தில் விதரிங்கும் இக்கழகத்தில் இணைந்தார்.

தாவரவியல் நூல்

1776-ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் இயற்கையாக வளரும் தாவரங்களை வகைப்படுத்தி இரண்டு தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். சுவீடன் அறிஞர் லின்னேயசின் வகைப்பாட்டு முறையை, இலத்தீன் அறியாத வாசகர்களும் பயன்படுத்தும் வகையில் ஆங்கிலத்தில் தந்தமையே இந்நூலின் சிறப்பு. லின்னேயசின் முறை மலரின் இனப்பெருக்க உறுப்புகளை எண்ணி அமைந்தது. பெண்கள் படிக்க ஏற்றதாக இருக்கவேண்டும் எனக் கருதிய விதரிங், அவ்வுறுப்புகளைக் குறிக்கும் வெளிப்படையான சொற்களைத் தவிர்த்துவிட்டார். இதை அறிவியலுக்குப் பொருந்தாத கூச்சம் என எராஸ்மஸ் டார்வின் ஏற்கவில்லை. இந்நூல் திருத்தப்பட்டு நான்கு தொகுதிகளாக 1796-இல் மூன்றாம் பதிப்பைக் கண்டது. ஆசிரியர் இறந்த பின்னரும் நெடுங்காலம் மறுபதிப்புகள் வெளிவந்தன. வயல்வெளியில் செடிகளைப் பார்ப்பதற்கான சிறிய கையடக்க நுண்ணோக்கி ஒன்றையும் விதரிங் வடிவமைத்தார்.

இந்நூலின் முதற்பதிப்பிலேயே டிஜிட்டாலிஸ் செடியைப் பற்றி, அது மிகுந்த வீரியமுள்ள மருந்து என்றும், அன்றைய மருத்துவர்கள் அதற்குத் தரும் கவனம் போதாது என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார்.

நீர்வீக்க நோய்

அக்கால மருத்துவர்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்த நோய்களுள் ஒன்று நீர்வீக்கம். கால்கள் வீங்கும். வயிறு உப்பி மகோதரமாகும். நுரையீரலைச் சுற்றி நீர் சேரும்போது படுக்க இயலாமல் நோயாளி இரவு முழுவதும் உட்கார்ந்தே மூச்சுத் திணறுவார். இது தனியொரு நோயன்று. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றுள் எது பழுதானாலும் தோன்றக்கூடிய அறிகுறி. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் இவற்றைப் பிரித்தறிய வழியில்லை. இதய ஒலியைக் கேட்கும் ஸ்டெதாஸ்கோப்புகூட 1816-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இரத்தத்தை வெளியேற்றுதல், பேதி மருந்து, வயிற்றில் துளையிட்டு நீரை வடித்தல், நரிவெங்காயம் முதலிய சிறுநீர்ப்பெருக்கிகள் ஆகியவையே மருத்துவரின் கையிலிருந்தன. பெரும்பாலான நோயாளிகள் இறந்தனர்.

சுரொப்சையர் மருந்து

1775-ஆம் ஆண்டில் நீர்வீக்கத்துக்கான ஒரு குடும்ப மருந்தைப் பற்றி விதரிங்கிடம் கருத்துக் கேட்கப்பட்டது. சுரொப்சையரைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் அதை நெடுங்காலம் இரகசியமாக வைத்திருந்தார் என்றும், முறையான மருத்துவர்கள் கைவிட்ட நோயாளிகள் சிலரை அவர் குணப்படுத்தினார் என்றும் விதரிங்குக்குக் கூறப்பட்டது. அதில் இருபது அல்லது அதற்கு மேற்பட்ட மூலிகைகள் கலந்திருந்தன. தாவரங்களை நன்கறிந்த விதரிங்குக்கு, அவற்றுள் வீரியமுள்ளது டிஜிட்டாலிஸ் மட்டுமே என்பதைக் காண்பது கடினமாக இருக்கவில்லை. அம்மருந்து கடுமையான வாந்தியையும் பேதியையும் உண்டாக்கியது. மக்கள் அவற்றையே மருந்தின் செயல் எனக் கருதினர். சிறுநீர் பெருகியதை எவரும் கவனிக்கவில்லை. இதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள பிரேசினோஸ் கல்லூரியின் தலைவர் இச்செடியின் வேரை உண்டு மார்பில் நீர் சேர்ந்த நோயிலிருந்து மீண்டார் என்னும் செய்தியும், பர்மிங்காம் மருத்துவர் ஆஷ் வாயிலாக அவருக்கு எட்டியது.

இம்மூதாட்டியின் பெயர் ஹட்டன் என்று பல நூல்களில் காணப்படுகிறது. இது பிழையாகும். விதரிங் அவரது பெயரை எங்கும் குறிப்பிடவில்லை. 1928-இல் பார்க்-டேவிஸ் என்னும் அமெரிக்க மருந்து நிறுவனம் வெளியிட்ட விளம்பர ஓவியத்திலிருந்தே இப்பெயர் பரவியது என்பதை இதய மருத்துவர் டென்னிஸ் கிரிக்லர் 1985-இல் எடுத்துக்காட்டினார். விதரிங் அம்மூதாட்டியை நேரில் சந்தித்துப் பொற்காசு கொடுத்து இரகசியத்தை வாங்கினார் என்னும் கதைக்கும் ஆதாரம் இல்லை.

டிஜிட்டாலிஸ் செடி ஐரோப்பாவில் காடுகளின் ஓரங்களிலும் மேடுகளிலும் வளர்வது. முதலாண்டில் இலைகளை மட்டும் விடும். இரண்டாம் ஆண்டில் உயரமான தண்டில் ஊதா நிறப் பூக்கள் மணிகளைப்போல் தொங்கும். ஆங்கிலத்தில் ஃபாக்ஸ்குளோவ் எனப்படுகிறது. ஜெர்மன் மொழியில் இதன் பெயர் தையல்காரர் விரலில் அணியும் உறையைக் குறிக்கும். அதையொட்டி ஜெர்மன் மருத்துவர் லியோனார்ட் ஃபூக்ஸ் 1542-இல் விரல் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து டிஜிட்டாலிஸ் என்னும் பெயரை அமைத்தார். புண்களுக்கு மேற்பூச்சாக இது பயன்பட்டு வந்தது. உள்ளுக்குக் கொடுப்பது ஆபத்தானது எனப் பல மருத்துவர்கள் ஒதுக்கியிருந்தனர்.

பத்தாண்டு ஆய்வு

விதரிங் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவ ஆலோசனை வழங்கி வந்தார். ஆண்டுக்கு இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர் இவ்வாறு வந்தனர். புதிய மருந்தை முதலில் இவர்களுக்கே கொடுத்துப் பார்த்தார். இன்றைய அளவுகோலின்படி இது கேள்விக்குரியது. நோயாளியின் ஒப்புதல் என்னும் கருத்தே அன்று உருவாகியிருக்கவில்லை. ஏழைகளே புதிய சிகிச்சைகளின் முதல் ஆபத்தைத் தாங்கினர். அதே வேளை இவர்களுள் பலருக்கு வேறு சிகிச்சை எதுவும் பயனளிக்காத நிலையும் இருந்தது.

தொடக்கத்தில் விதரிங் அளவுக்கு மீறி மருந்தைக் கொடுத்தார். அதற்குக் காரணமும் உண்டு. நரிவெங்காயம் குமட்டலை உண்டாக்கும் அளவில் கொடுக்கப்படும்போதே சிறுநீரை நன்கு பெருக்கும் என்பது மருத்துவர்களின் அனுபவம். டிஜிட்டாலிசும் அவ்வாறே செயல்படும் எனக் கருதி, குமட்டல் வரும்வரையும் அதன் பின்னரும் மருந்தைத் தொடர்ந்தார். நோயாளிகள் துன்புற்றனர். டிஜிட்டாலிசைப் பொறுத்தவரை குமட்டல் என்பது நிறுத்தவேண்டிய எல்லையைக் காட்டும் எச்சரிக்கை என்பதைப் படிப்படியாகவே உணர்ந்தார். மேலும் சில நோயாளிகளைக் கவனித்தபோது, வாந்தியோ பேதியோ இல்லாமலேயே சிறுநீர் பெருகி வீக்கம் வடிவதைக் கண்டார். இதன்பின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

அடுத்த சிக்கல் மருந்தின் வீரியம் ஒரே சீராக இல்லாமை. வேரின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறியது. எனவே அதைக் கைவிட்டார். இலையும் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. ஆகவே இரண்டாம் ஆண்டில் தண்டு விட்டுப் பூக்கள் மலரும் காலத்தில் மட்டும் இலையைப் பறித்தார். காம்பையும் நடு நரம்பையும் நீக்கி, எஞ்சியதை வெயிலிலோ நெருப்பின் முன்னோ உலர்த்திப் பொடியாக்கினார். நீரிலிட்டுக் கொதிக்கவைக்கும் கஷாயத்தில் வீரியம் கெடலாம் எனக் கருதி அதையும் விட்டார். இறுதியில் அவர் பரிந்துரைத்தவை இரண்டு. ஒன்று இலைப்பொடி: பெரியவர்களுக்கு ஒன்று முதல் மூன்று கிரெயின் வரை (ஏறத்தாழ 65 முதல் 195 மில்லிகிராம்) நாளைக்கு இருமுறை. மற்றொன்று ஊறல்: ஒரு டிராம் உலர்ந்த இலையை அரை பைண்ட் கொதிநீரில் நான்கு மணி நேரம் ஊறவைத்து வடித்து, ஓர் அவுன்சு வீதம் நாளைக்கு இருமுறை.

எப்போது நிறுத்தவேண்டும் என்பதற்கு அவர் வகுத்த விதி மருந்தியல் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. சிறுநீரகம், இரைப்பை, நாடித்துடிப்பு, குடல் ஆகிய நான்கனுள் ஏதேனும் ஒன்றில் மருந்தின் விளைவு தெரியும்வரை கொடுக்கலாம். தெரிந்த உடனே நிறுத்திவிட வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் உடலே அளவைத் தீர்மானித்தது. மருந்தின் செயல் கொடுத்த உடனே முழுமையாக வெளிப்படாது, நிறுத்திய பின்னும் சிறிது காலம் நீடிக்கும் என்பதையும் அவர் கண்டிருந்தார். அளவு மீறினால் வாந்தி, பேதி, தலைச்சுற்றல், பொருள்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும் பார்வைக் குழப்பம், நாடி நிமிடத்துக்கு 35 வரை குறைதல், குளிர்ந்த வியர்வை, வலிப்பு, மயக்கம், மரணம் ஆகியவை நேரலாம் எனப் பட்டியலிட்டார். டிஜிட்டாலிஸ் நச்சு அறிகுறிகளாக இன்றைய பாடநூல்களில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை இப்பட்டியலில் அடங்கும்.

எவருக்குப் பயன்படும் என்பதையும் ஆராய்ந்தார். உடல் வலுவும் சிவந்த முகமும் இறுகிய நாடியும் உடையவர்களுக்கு இம்மருந்து பெரும்பாலும் பயன்படவில்லை. நாடி தளர்ந்தோ விட்டுவிட்டோ துடித்து, முகம் வெளுத்து, உதடு நீலம் பாய்ந்து, தோல் குளிர்ந்திருந்தவர்களுக்கே நற்பயன் கிடைத்தது. சூல்பையில் தோன்றும் நீர்க்கட்டிக்கு இது பயனற்றது. இன்று நோக்கும்போது, இதயம் பழுதானவர்களையே அவர் தம்மையறியாமல் தேர்ந்திருந்தார் என்பது புலனாகும்.

1785-ஆம் ஆண்டு நூல்

இம்மருந்தைப் பற்றிய செய்தி விதரிங் எழுதும் முன்னரே பரவிவிட்டது. அவரது மாணவராகவும் நண்பராகவும் இருந்த ஜொனாதன் ஸ்டோக்ஸ் 1779-இல் எடின்பரோ மருத்துவக் கழகத்தில் இதைப் பற்றிப் பேசினார். 1783-இல் எடின்பரோ மருந்துத் தொகை நூலில் டிஜிட்டாலிஸ் இடம்பெற்றது. ஆனால் மருந்தோடு அளவைப் பற்றிய எச்சரிக்கை பயணிக்கவில்லை. மருத்துவர்கள் பெரும் அளவுகளில் கொடுத்தனர். இவ்வாறு தொடர்ந்தால் நோயாளிகள் மாள்வதோடு, நல்ல மருந்தொன்று ஆபத்தானதெனக் கைவிடப்படும் என விதரிங் அஞ்சினார். இந்த அச்சமே, இன்னும் முழுமையடையவில்லை எனத் தாம் கருதிய ஆய்வை வெளியிட அவரைத் தூண்டியது.

டிஜிட்டாலிசும் அதன் மருத்துவப் பயன்களும் பற்றிய இந்நூல் 1785-இல் பர்மிங்காமில் அச்சிடப்பட்டது. செடியை வாசகர் தவறாமல் அடையாளம் காண வண்ணப்படம் ஒன்றும் சேர்க்கப்பட்டது. தாம் சிகிச்சையளித்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆண்டுவாரியாக இதில் தொகுத்துள்ளார். பிற மருத்துவர்கள் அனுப்பிய குறிப்புகளும் உள்ளன. வெற்றி பெற்றவற்றை மட்டும் தேர்ந்து எழுதியிருந்தால் மருந்துக்கும் தமக்கும் பெரும்புகழ் கிடைத்திருக்கும் என்றும், உண்மையும் அறிவியலும் அதை ஏற்கா என்றும் முன்னுரையில் விளக்கியுள்ளார். அதற்கேற்பத் தோல்விகளும் மரணங்களும் தாம் மிகையாகக் கொடுத்த நிகழ்வுகளும் மறைக்கப்படாமல் இடம்பெற்றுள்ளன. ஒப்பீட்டுக் குழு இல்லை என்னும் குறை இருந்தாலும், ஒரு மருந்தைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்டவற்றுள் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

இதயத்தின் இயக்கத்தின் மீது இம்மருந்து வேறெந்த மருந்துக்கும் இல்லாத ஆற்றல் கொண்டுள்ளது என்றும், அதை நோய் தீர்க்கப் பயன்படுத்தக்கூடும் என்றும் நூலில் அவர் குறிப்பிட்டுள்ளார். ஆனால் அக்கருத்தை மேலும் தொடரவில்லை. நீர்வீக்கத்தை நீக்கும் சிறுநீர்ப்பெருக்கி என்றே அதை முதன்மையாகக் கருதினார். மருந்து முதலில் செயல்படுவது இதயத்தின் மீதே, சிறுநீர் பெருகுவது அதன் விளைவு என்னும் கருத்தை மான்செஸ்டர் மருத்துவர் ஜான் ஃபெரியர் 1799-இல் வெளியிட்டார்.

டார்வினுடன் பிணக்கு

விதரிங்கை பர்மிங்காமுக்கு அழைத்து வந்த எராஸ்மஸ் டார்வினே பின்னர் அவரது எதிரியானார். 1776-இல் நீர்வீக்கத்தால் துன்புற்ற பெண் ஒருவரைக் காண இருவரும் சென்றனர். அங்கு விதரிங் டிஜிட்டாலிசைப் பரிந்துரைத்தார், நோயாளி குணமடைந்தார். டார்வினின் மூத்த மகன் சார்லஸ் எடின்பரோவில் மருத்துவம் பயில்கையில் 1778-இல், தமது பத்தொன்பதாம் வயதில் இறந்தார். (இவர் பிற்காலத்துச் சார்லஸ் டார்வினின் பெரியப்பா ஆவார்; அதே பெயர் அவருக்கும் இடப்பட்டது.) மகனின் ஆய்வுகளை 1780-இல் தந்தை வெளியிட்டபோது, டிஜிட்டாலிசால் குணமடைந்த நோயாளிகளின் குறிப்புகளையும் அத்துடன் இணைத்தார். விதரிங்கின் பெயர் அதில் இல்லை. 1785 தொடக்கத்தில் இலண்டன் மருத்துவர் கல்லூரியில் வாசிக்கப்பட்ட டார்வினின் கட்டுரையிலும் விதரிங்குக்கு உரிய இடம் தரப்படவில்லை. அதே ஆண்டின் இடைப்பகுதியில் வெளியான தமது நூலில் விதரிங் அப்பெண்ணின் சிகிச்சையைத் தம் தரப்பிலிருந்து விளக்கினார்.

முதலில் அச்சிட்டவர் டார்வின் என்பது உண்மையே. எனினும் மருந்தைக் கண்டறிந்து அளவை வரையறுத்த பணி விதரிங்குடையது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. டார்வினின் மற்றொரு மகனும் சுரூஸ்பரி மருத்துவருமான ராபர்ட் டார்வினுடன் 1788-இல் ஒரு நோயாளியின் சிகிச்சை குறித்து எழுந்த பூசல் அச்சில் வெளிவந்து இரு குடும்பங்களையும் முற்றிலும் பிரித்தது. விதரிங் எளிதில் பழகாதவர், விமரிசனத்தைப் பொறுக்காதவர் என்றும் கூறப்படுவதுண்டு. தாவரவியல் நூலின் இரண்டாம் பதிப்பில் உடனுழைத்த ஸ்டோக்சுடனும் அவருக்குப் பின்னர் பகை மூண்டது.

பிற பணிகள்

1778-இல் பர்மிங்காமில் பரவிய செங்காய்ச்சல் பற்றி 1779-இல் ஒரு நூல் எழுதினார். சுவீடன் வேதியியலாளர் டோர்பெர்ன் பெரிமன் எழுதிய கனிமவியல் நூலை 1783-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கனமான மண் என அழைக்கப்பட்ட பேரியச் சேர்மங்களை ஆராய்ந்து அரச கழகத்தின் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். அவர் ஆராய்ந்த பேரியம் கார்பனேட்டுக் கனிமத்துக்கு ஜெர்மன் நிலவியலாளர் வெர்னர் விதரைட் எனப் பெயரிட்டார். 1785-இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே, கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தாவரப் பேரினத்துக்கு விதரிஞ்சியா என்று பெயர் சூட்டினார்.

இறுதிக் காலம்

1786 முதல் எட்க்பாஸ்டன் மாளிகையில் வாடகைக்குக் குடியிருந்தார். (எடின்பரோவில் கோல்ஃப் கற்ற விதரிங்கின் இம்மாளிகை பின்னாளில் ஒரு கோல்ஃப் சங்கத்தின் இல்லமானது.) 1791 ஜூலையில் பிரெஞ்சுப் புரட்சியின் ஆண்டு நிறைவை ஒட்டி பர்மிங்காமில் கலவரம் மூண்டது. பிரீஸ்ட்லியின் வீடும் ஆய்வகமும் எரிக்கப்பட்டன. விதரிங்கின் மாளிகையும் அச்சுறுத்தலுக்கு உள்ளானது. தம் நூல்களையும் மாதிரிகளையும் வண்டிகளில் ஏற்றி அப்புறப்படுத்த முற்பட்டார். படையினர் வரவே கலகக்காரர் கலைந்தனர், மாளிகை தப்பியது.

பல ஆண்டுகளாகவே அவரை நுரையீரல் காசநோய் வாட்டி வந்தது. குளிரைத் தவிர்க்க 1792-93, 1793-94 ஆகிய இரு குளிர்காலங்களைப் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் கழித்தார். அங்கும் சும்மா இராமல் கல்தாஸ் த ரைன்யா என்னும் ஊரின் வெந்நீரூற்று நீரைப் பகுப்பாய்வு செய்தார். காசநோயாளிகளுக்கு லிஸ்பன் உகந்ததன்று என்னும் முடிவோடு திரும்பினார். சில நாட்களுக்கு முன் குடிபெயர்ந்த லார்ச்சஸ் என்னும் இல்லத்தில் 1799 அக்டோபர் 6 அன்று காலமானார். அவருடைய பல்வேறு கட்டுரைகளை மகன் வில்லியம் 1822-இல் தொகுத்து வெளியிட்டார்.

மருந்தின் பிற்கால வரலாறு

விதரிங் அஞ்சியதே பெருமளவில் நிகழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் காய்ச்சல், மனநோய், காசநோய் எனத் தொடர்பற்ற நோய்களுக்கெல்லாம் டிஜிட்டாலிஸ் கொடுக்கப்பட்டது. அவர் வகுத்த விதிகள் மறக்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மெக்கன்சி, ஆர்தர் குஷ்னி, தாமஸ் லூயிஸ் ஆகியோரின் ஆய்வுகளால் மருந்து மீண்டும் நிலைபெற்றது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி மிக விரைவாகத் துடிக்கும் நிலையில் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) இது நாடியின் வேகத்தைக் குறைத்துப் பெரும்பயன் தருவது தெரியவந்தது. விதரிங் குறிப்பிட்ட ஒழுங்கற்ற நாடியுடைய நோயாளிகளுள் பலர் இந்நிலையில் இருந்திருக்கலாம்.

1875-இல் ஜெர்மன் மருந்தியலாளர் ஷ்மீடபெர்க் செடியிலிருந்து டிஜிடாக்சினைப் பிரித்தெடுத்தார். 1930-இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் சிட்னி ஸ்மித், இதே பேரினத்தைச் சேர்ந்த மற்றோர் இனமான டிஜிட்டாலிஸ் லனாட்டாவின் இலையிலிருந்து டைகாக்சினைப் பிரித்தார். இதனால் இலைப்பொடியின் நிலையற்ற வீரியம் என்னும் சிக்கல் தீர்ந்தது. இம்மருந்துகள் இதயத் தசை உயிரணுவின் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் எக்கியைத் தடுக்கின்றன. அதனால் உயிரணுவுக்குள் சோடியமும், அதைத் தொடர்ந்து கால்சியமும் மிகுகின்றன; தசை வலுவாகச் சுருங்குகிறது. இந்த எக்கியை 1957-இல் கண்டறிந்த டென்மார்க் அறிஞர் யென்ஸ் ஸ்கோவுக்கு 1997-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் நச்சு விளைவு மிகும் என்பதால் நோயாளிகளுக்கு இரத்தப் பரிசோதனை தேவைப்படுகிறது.

1997-இல் 6,800 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் வெளியாயின. டைகாக்சின் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேரவேண்டிய தேவையைக் குறைத்தது. ஆனால் இறப்பைக் குறைக்கவில்லை. ஏசிஇ தடுப்பிகள், பீட்டா தடுப்பிகள், ஸ்பைரோனோலாக்டோன், பின்னர் எஸ்ஜிஎல்டி2 தடுப்பிகள் ஆகியவை ஆயுளை நீட்டிப்பதாக மெய்ப்பிக்கப்பட்டதால் டிஜிட்டாலிஸ் வகை மருந்துகள் பின்னுக்குச் சென்றன. எனினும் அவை முற்றிலும் கைவிடப்படவில்லை. 2025-இல் வெளியான டிஜிட்-எச்எஃப் ஆய்வில், பிற மருந்துகளுடன் டிஜிடாக்சினும் பெற்றவர்களிடையே இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்ந்த அளவு குறைந்திருந்தது.

தமிழ் வாசகர் நன்கறிந்த அரளிச் செடியிலும் டிஜிட்டாலிசை ஒத்த நச்சுப் பொருள்கள் உள்ளன. மஞ்சள் அரளி விதையை உண்டோரிடம் தோன்றும் வாந்தி, நாடித் தளர்ச்சி, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை ஆகியவை விதரிங் வரைந்த அறிகுறிகளோடு பெரிதும் பொருந்தும். டைகாக்சின் நச்சை முறிக்க உருவாக்கப்பட்ட எதிர்ப்பொருள் மஞ்சள் அரளி நஞ்சுக்கும் பயன்படும் என்பது இலங்கையில் நடந்து 2000-இல் வெளியான மருத்துவச் சோதனையில் நிறுவப்பட்டது.

நினைவுச்சின்னம்

விதரிங்கின் உடல் எட்க்பாஸ்டன் பழைய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அங்குள்ள நினைவுக் கல்லில் டிஜிட்டாலிஸ் செடியும் விதரிஞ்சியா செடியும் செதுக்கப்பட்டுள்ளன.